சுறா வேண்டாம்

"சுறா மட்டும் வேண்டாம். மத்த மீனெல்லாம் இருக்கட்டும்."

"சுறா இல்லாம ஒரு கடலா? என்ன சார் கஞ்சத்தனம் இது?"

"அதுக்கு எத்தனை பல்லுன்னு தெரியுமா உனக்கு? பல்லைப் பிடுங்கிக்க வர்ற ஆளு கண்ணு முன்னாடி அதைப் போய் நீந்த விடணுமா?"

பல் டாக்டர் சொன்னதில் நியாயம் இருந்தது. கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்த பெண், பட்டியலில் சுறாவின் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கினாள். நோயாளி படுக்கும் நாற்காலிக்கு மேலே தொங்கிய திரையில் ஒரு கண்ணாடிப் பெட்டி சுழன்றது. அதற்குள் மஞ்சள் மீன்கள், வந்த வேலையை மறந்துவிட்டவை போல அலைந்துகொண்டிருந்தன.

எக்ஸ்ரே படம் காட்ட மட்டுமே வைத்திருந்த கிழட்டுக் கம்ப்யூட்டர் அது. விண்டோஸ் ஓடாது என்று இரண்டு வருஷத்துக்கு முன் அவள்தான் அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தாள். இன்று காலை டாக்டர் போன் செய்து, அதில் வேடிக்கை ஏதாவது காட்ட முடியுமா என்று கேட்டபோது, ஐம்பது வயதில் மனிதருக்கு இப்படி ஓர் ஆசையா என்று நினைத்தாள். வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

மூன்று மணிக்கு ஒரு நோயாளி. கடைவாய்ப் பல்லில் சீழ். இன்னும் இரண்டு நாள் விட்டால் தாடைக்கு இறங்கிவிடும். அப்புறம் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்துக் கிழித்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் ஊசியைக் கண்டால் ஆள் நிற்பதில்லை. முதல் தடவை அவசர போன் என்று வெளியே போனவர் திரும்பவில்லை. இரண்டாம் தடவை பாத்ரூமில் தாழ் போட்டுக்கொண்டு, கிளினிக் மூடும்வரை வெளியே வரவில்லை. மூன்றாம் தடவை, கழுத்தில் கட்டிய துணியோடு பஸ் ஸ்டாப் வரை ஓட்டம்.

"பஸ் கிடைச்சுதா சார்?"

"கிடைச்சுது," என்றார் டாக்டர், ஏனோ கொஞ்சம் பெருமையாக.

கண் திரையில் நின்றால், ஊசி உள்ளே போவதே தெரியாது என்பது அவர் கணக்கு. அவருடைய தங்கையும் பல் டாக்டர்தான். இரண்டு பேரும் சேர்ந்துதான் கிளினிக் நடத்துகிறார்கள். தங்கைக்கு இந்த மீன் வைத்தியத்தில் துளியும் நம்பிக்கை இல்லை. ஒரு நல்ல கயிறு போதும் என்று சொல்லிவிட்டு, பக்கத்து அறையில் குறடுகளைச் சுத்தம் செய்யப் போய்விட்டாள்.

நடுவில், படத்தைத் திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் டிரைவரை மாற்றும்போது திரை மொத்தமும் இருண்டது. டாக்டர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். இருட்டிலேயே நாலு வரி தட்டி அவள் அதை உயிர்ப்பித்தாள். அடுத்து, திரையில் திறந்த ஜன்னலை மவுஸால் இழுத்தால் தளதளவென்று ஆடும் வித்தை. சோதித்துப் பார்க்க, திறந்திருந்த ஒரு எக்ஸ்ரேயைப் பிடித்து இழுத்தாள். முப்பத்திரண்டு பல்லும் சேர்ந்து ஆடின. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு அதை உடனே எடுக்கச் சொன்னார். மூடும்போது ஜன்னல் தீப்பற்றி எரிவதையும் எடுக்கச் சொன்னார். மீன் போதும்.

பிறகு அவளையே நாற்காலியில் படுக்கச் சொன்னார். கொட்டாவி விடுவது போல நாற்காலி பின்னால் சாய்ந்தது. பெரிய விளக்கைப் போட்டார். படுத்தபடியே மீன் முழுசாகத் தெரிகிறதா, ஊசி வைத்திருக்கும் கை தெரிகிறதா, தலை சுற்றுகிறதா என்று வரிசையாகக் கேள்விகள். பெட்டி வேகமாகச் சுழல்கிறது என்றாள். பாதியாகக் குறைத்தார்கள். அப்போதும் அவர் திருப்தியாகவில்லை.

"ஒரு பயந்தாங்கொள்ளிக்கு இவ்வளவு ராஜ உபசாரமா சார்? ரெண்டு பேர் காலை அமுக்கிப் பிடிச்சா முடிஞ்சுது."

டாக்டரின் குரல் இறுகியது. "பயம்னு சொல்லாதே. ஊசி எங்க குத்தும், எவ்வளவு ஆழம் போகும்னு விவரம் தெரிஞ்ச மனுஷனுக்கு அப்படித்தான் இருக்கும். உன்னை மாதிரி ஒண்ணும் தெரியாம படுத்துக்கிறது என்ன பெரிய வீரமா?"

விவரம் தெரிந்த அந்த மனுஷனை ஒருமுறை பார்த்துவிட்டே போவது என்று அவள் முடிவு செய்தாள். எழுந்து, பையைத் தூக்கிக்கொண்டு சுவரோரமாக நின்றாள்.

சரியாக மூன்று மணிக்குத் தங்கை தட்டோடு வந்தாள். கதவைச் சாத்தினாள். பூட்டினாள். சாவியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"டாக்டர், வெளியில யாருமே இல்லையே," என்றாள் கம்ப்யூட்டர் பெண். "இன்னிக்கும் ஓடிட்டாரா?"

அவள் வந்ததிலிருந்து கழற்றாத முகக்கவசத்தைப் பெரிய டாக்டர் மெதுவாகக் கழற்றினார். இடது கன்னம் பன் ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. நாற்காலியில் ஏறிப் படுத்து, இரண்டு கைகளாலும் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மீன்களையே வெறித்தார்.

தங்கை ஊசியை எடுத்தாள்.

"அண்ணா, வாயைத் திற."