வீட்டில் ஐரிஷ் பேசுபவர்

"ஐரிஷ் மொழிப் பள்ளிக்கூடமா? அத வச்சு டப்ளின்ல ஒரு டீகூட வாங்க முடியாது" என்று போன வாரம் கோல்மன் சிரித்தான். "பின்ன உங்க அண்ணன்கிட்ட மட்டும் எதுக்கு அதுல பேசுற?" என்று கேட்டாள் அவன் மனைவி கிரானியா. "அது வேற" என்றான் அவன்.

அந்த 'வேற'வை அவள் இன்னும் மறக்கவில்லை. சமையலறை மேசையில் மகளுக்கான அந்தப் பள்ளியின் விண்ணப்பம் கிடக்கிறது. ஐரிஷ் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் அங்கே சேர்க்கையில் முன்னுரிமை. 'வீட்டில் ஐரிஷ் பேசுபவர்' என்ற இடத்தில் கோல்மன் சொந்தக் கையால் 'யாருமில்லை' என்று எழுதியிருக்கிறான், மைகூடக் காயவில்லை. அதற்குள் அண்ணனின் அழைப்பு வர, பின்கதவைச் சாத்திக்கொண்டு தாழ்வாரத்தில் போய் நிற்கிறான். மழை வழியும் கதவுக் கண்ணாடிக்கு அப்பால் ஐரிஷ் பொழிகிறது; கை ஆடுகிறது, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறான். இந்த வீட்டுக்குள் அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. நான்கு வயது ஸைவ் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, "அப்பா என்னம்மா சொல்றாரு?" என்கிறாள். கெட்டில் கொதித்துத் தானே அணைகிறது. கிரானியா கதவை விரியத் திறக்கிறாள். மகள் பிறந்த நாளிலிருந்து விழுங்கி வைத்தது வெளியே வருகிறது: "போனை வை கோல்மன். வச்சிட்டு, இப்பப் பேசுன அதே ஐரிஷ்ல, அதே சிரிப்போட, உன் மககிட்டயும் பேசு."