டீப்பாய்க்கு ஒரு பலகை

தட்டினால் எந்த மரமும் தன்னிடம் வாய்விட்டுப் பேசும் என்று சவரிமுத்து ஊரெல்லாம் அளந்துகொண்டிருந்தார். தேக்கு திக்கித் திக்கிப் பேசுமாம். வேங்கை வாயைத் திறந்தாலே கெட்ட வார்த்தையாம். "புளுகுறதுக்கும் ஒரு அளவு இருக்குங்க," என்பாள் மனைவி ரெஜினா. டீப்பாய் செய்யப் பலகை தேடி, இடித்த வீட்டுச் சாமான் விற்கும் மரக்கடைக்கு இருவரும் போனார்கள். ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தவர் ஒரு பழைய கதவையும் தட்டினார்.

"இருங்கப்பா, வர்றேன்," என்றது கதவு. மகள் அமலியின் குரல். அவளை அடக்கம் செய்த மாதமே அவர்கள் விற்றுவிட்டு வந்த வீட்டின் கதவு அது.

"இதையே அறுத்துரலாமா?" என்று ரம்பத்தை எடுத்தார் கடைக்காரர்.

சவரிமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அறுங்க. மரமாவது, பேசுறதாவது."

ரெஜினா கதவின் மேல் கையை வைத்தாள். "அறுக்காதீங்க. எனக்கும் கேட்டுச்சு."