ஏரியில் அடித்த முளை

கோடையில் ஏரி வற்றிக் கிடந்தபோது, தலையில் சிவப்புத் துணி கட்டிய முளைக்குச்சி ஒன்றை அதன் நடுவில் அடித்துவிட்டுப் போனார்கள். கீழே மண்ணுக்குள் உறங்கிக்கொண்டிருந்த தவளைக்கு, யாரோ கதவைத் தட்டுவதுபோல் இருந்தது.

“யாருப்பா அது?” என்றது, கண்ணைத் திறக்காமலே.

“மெட்ரோ ரயில் வருது. நான் நிக்கிற இடம்தான் ஸ்டேஷன்,” என்றது முளை. “இந்தப் பக்கம் கடைங்க, அந்தப் பக்கம் அடுக்குமாடி வீடுங்க, தள்ளி ஒரு பூங்கா. எல்லாத்துக்கும் இடம் ஒதுக்கியாச்சு.”

தவளை தூக்கத்திலேயே அந்த ஊரைப் பார்த்தது. விளக்குகள் மீன்களாக நீந்தின. ரயில் ஒன்று தண்ணீர்ப்பாம்பு மாதிரி சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. அழகாகத்தான் இருந்தது.

“மழைக்கு எங்க இடம் விட்டிருக்காங்க?”

“மழையா? அளக்க வந்த அன்னைக்கு அப்படி யாரும் இங்க இல்லையே. காலி இடம்னுதான் எழுதிக்கிட்டாங்க.”

தவளை புரண்டு படுத்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஏரி தன் இடத்துக்குத் திரும்பி வந்து, கை கால் நீட்டிப் படுத்தது. மண் இளகி முளை பெயர்ந்து வந்தது. சிவப்புத் துணி தண்ணீரில் அலைய, அது மெல்ல மிதந்து போனது.

“ஸ்டேஷன் எங்கயாவது நகருமா? ஸ்டேஷன் நகரக் கூடாதே,” என்று அது புலம்பிக்கொண்டே போனது.

தவளை நீந்தி வந்து அதன்மேல் தொற்றி ஏறியது.

“கொஞ்சம் இடம் விடு,” என்றது. “கரை வந்ததும் இறங்கிக்கிறேன்.”