லீக் எங்கே?

பம்பு காற்றை நன்றாகத்தான் இழுத்தது. ஆனால் இழுத்த வெற்றிடம் நிற்கவில்லை. மட்டாஞ்சேரியில் பாதி வீடுகளின் ஏசியைப் பழுதுபார்த்த இசக்கிதுரைக்கு இது பிடிபடவே இல்லை. வாஷரை மாற்றினான். மூட்டுகளில் சோப்பு நுரை தடவினான். ஒரு குமிழிகூட வரவில்லை.

“திருப்பிக் கொடுத்திருவோம், கற்பகம். எனக்கு மடுத்து, வெறுத்துப் போச்சு.”

“ஊர் ஏசிக்கெல்லாம் லீக் கண்டுபிடிக்கிற ஆளு, வீட்டு வேலைன்னா விட்டுருவீங்களோ?” கற்பகம் சாயாவை நீட்டினாள். “மிஷின்ல ஒரு குழப்பமும் இல்ல. டாக்டர்ட்ட நானே கேட்டுட்டேன்.”

“இதப் போயி நீயா கேட்ட?”

“நீங்க கேக்க மாட்டீங்க. எனக்கும் வேண்டியதுதானே?”

அவன் தலைகுனிந்தான். சர்க்கரை நோயால் ஆண்மை தளர்ந்தபோது, வெட்கத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனவன் அவன். மாத்திரை அவனுக்கு ஒத்துக்கொள்ளாததும், டாக்டர் காட்டிய இந்தக் குழாய் பம்பைத் தேர்ந்தெடுத்தவள் அவள்.

“சரி, லீக் எங்கயாம்?”

“உங்க மேலதான்.” சிரித்துக்கொண்டே ஒரு சின்னக் கத்தரிக்கோலையும் ஜெல்லையும் வைத்தாள்.

“நீ இல்லன்னா நான் கூடத்துலயே கிடந்திருப்பேன் புள்ள,” என்றான்.

அன்றே பாய் அறைக்குத் திரும்பியது. குழாயின் வாய் உடம்பில் படியும் இடத்தில் முடியைக் கத்தரித்து, தண்ணீரில் கரையும் ஜெல்லைத் தடவி அழுத்தினால் காற்று புகாது. பம்பு உறுப்புக்குள் இழுத்துவந்த ரத்தத்தை அதன் அடியில் மாட்டும் வளையம் பிடித்துவைக்கும், அரை மணிக்குள் அதைக் கழற்றிவிட வேண்டும்.