பேச வராதவள்

"ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்க டாக்டரம்மா. இவளக் கீழ்ப்பாக்கம் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட மாட்டீங்களே?"

எத்திராஜ் கெஞ்சினான். ராயபுரத்துச் சந்து வீட்டில், முக்காலியில் உட்கார்ந்திருந்த டாக்டரம்மா சிரித்தார்.

"அதுக்கா வந்தேன்? பிள்ளை பிறந்த வீடுகள்ல மனசு எப்படி இருக்குன்னு ஆராய்ச்சி பண்றேன். உடம்பைக் கேக்க ஆள் இருக்கு. மனசைத்தான் யாரும் கேக்கறதில்லை."

ஜட்கா வண்டி நுழையாத சந்துகளில், வேகாத வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கும் அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது எத்திராஜுக்கு.

"எனக்கு மனசு செரியில்ல. டாக்டரம்மாவ வரச் சொல்லிகீறேன். எனக்குப் பேச வராது, நீயே பக்கத்துல இருந்து சொல்லு" என்று மனைவி கன்னியம்மா கேட்டதால்தான் அவன் துறைமுக வேலைக்கு மட்டம் போட்டிருந்தான். காசிமேட்டுக் கரையில் மீன் ஏலத்தையே தன் வாயால் அடக்குகிறவள், இப்போது குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். என்ன கஷ்டகாலமோ!

"ராத்திரி தூங்கறாங்களா?"

"இவ எங்க தூங்குறாம்மா? கொயந்த லேசா சிணுங்குனாலும் எழுந்து குந்திக்கிறா. நான் பாத்துகினுதான கீறேன்."

"ராத்திரி பூராவா?"

"விடிய விடிய. எனக்குக் கண்ணே மூடறதில்ல."

"சாப்பாடு?"

"இவ இப்டி இருக்கசொல்லோ எனக்குச் சோறு எறங்குமா?"

"குழந்தையை நீங்க தூக்கறதுண்டா?"

எத்திராஜ் சுவரோரமாக நகர்ந்தான்.

"வோணாம்மா. கை நடுங்குது. நேத்து நான் விஞ்சு மிஷின ஓட்டிக் கப்பல் சரக்க எறக்கசொல்லோ ஒரு மூட்டை நழுவிச்சி. கீய நின்னுகினு இருந்தவங்க மயிரிழைல தப்பிச்சாங்க. இந்தக் கொயந்தையும் அப்டி நழுவிட்டா? கண்ண மூடுனா அதான் தெரியுது..."

அதற்குமேல் முடியவில்லை. துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினான். பிள்ளை பிறந்த பிறகு அவன் வாய்விட்டு அழுதது அதுதான் முதல் தடவை.

"எல்லாம் இவளப் பத்தின கவலதாம்மா."

டாக்டரம்மா முக்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு கன்னியம்மாவைப் பெருமையோடு ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"யாரும் கீழ்ப்பாக்கம் போக வேண்டாம். வாராவாரம் என்கிட்ட வந்து இதே மாதிரி மனசு விட்டுப் பேசினா போதும். நிச்சயமா சரியாயிடும்."

எத்திராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "கேட்டியா கன்னிமா? பைத்தியமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வாராவாரம் நானே உன்ன இட்டுகினு போறேன்."

கன்னியம்மா எழுந்து வந்தாள். அவன் மறுப்பதற்குள் குழந்தையை அவன் மடியில் வைத்து, தன் கையையும் அதன் அடியில் தாங்கலாகக் கொடுத்தாள். காசிமேட்டுக் குரல் திரும்பியிருந்தது.

"இட்டுகினு போறவ நான்தான்யா. சீக்கு உனக்குன்னு சொல்லிக் கூப்ட்டிருந்தா நீ வாயத் தொறந்திருப்பியா? டாக்டரம்மாவ நான் வரச் சொன்னதே உன்னப் பாக்கத்தான்!"