ஓட்டைக்குள் நூற்று முப்பத்தொன்பது

ஓட்டையின் அகலம் நூற்றிருபத்தைந்து சென்டிமீட்டர், உயரம் எண்பது. மியோத்ராக்கின் விடுதலை அதற்குள் அடங்கியாக வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் தடவையாக அளந்தான்.

"தலைய எடுங்க மாப்பிள்ளை, சீரியல் மறைக்குது!" என்றாள் மாமியார் ராத்மிலா.

தன் வீட்டு டிவி புகைந்து போனதென்று மூன்று நாள் தங்க வந்தவள். அப்போது மே மாதம். இப்போது இலையுதிர்காலம், நீஷ் நகரமே குளிர்காலத்துக்கென்று மிளகாய் சுட்டு ஜாடியில் அடைத்துக்கொண்டிருக்கிறது. படுக்கையறை அவளுக்கும் அவள் மகளுக்கும். மியோத்ராக்குக்குச் சமையலறையில் மடக்குக் கட்டில், காலை நீட்டினால் ஃபிரிட்ஜ் இடிக்கும். தாழ் போட்டுக்கொள்ள இருந்தது குளியலறை மட்டும், அதையும் தட்டுவாள்.

"எனக்கு வேண்டியது ஒரு பெரிய டிவி. அவ்வளவுதான்" என்று நேற்றுச் சொல்லியிருந்தாள். "ஆனா அலமாரியில உக்காரணும். பலகையில ரம்பம் பட்டுது, அப்புறம் இருக்கு!"

அந்தக் காலத்து வீடுகளில் எல்லாம் ஒரே தொழிற்சாலையின் சுவர் அலமாரி. நடுவே டிவிக்கு ஒரே அளவு ஓட்டை. அவள் வீட்டுக்குப் போய் அளக்க வேண்டியதில்லை. இங்கே அளந்தால் போதும்.

டிவிக் கடைக்காரன் கொடுத்த அளவுத் தாளை மாமியார் வாங்கிப் பார்த்தாள். "நூத்தி முப்பத்தொம்போதுன்னு போட்டிருக்கு. ஓட்டையோ நூத்தி இருபத்தஞ்சு. என்ன, சுத்தியலால அடிச்சு நுழைப்பீங்களா?"

"அது மூலைக்கு மூலை அத்தை. அகலம் பதினாறு பங்குன்னா உயரம் ஒம்போது பங்கு."

ரொட்டிப் பையின் மேல் எழுதினான். பதினாறின் வர்க்கம், ஒன்பதின் வர்க்கம், கூட்டினால் முந்நூற்று முப்பத்தேழு. அதற்கு வர்க்கமூலம் பதினெட்டுச் சொச்சம். நூற்று முப்பத்தொன்பதை அதால் வகுத்தால் ஒரு பங்கு ஏழரைக்குச் சற்று மேல்.

அதற்குள் மாமியாரின் போன் அடித்தது. பால்கனிக்குப் போய்ப் பேசினாள். "வெந்நீருக்குக் குழாயைச் சிவப்புப் பக்கம் திருப்புப்பா... ஆமா... சுவத்துல ஆணி மட்டும் அடிக்கக் கூடாது, சொல்லிட்டேன்!"

திரும்பி வந்தவளிடம் மியோத்ராக் பையை நீட்டினான். "அகலம் நூத்தி இருபத்தொண்ணு. உயரம் அறுபத்தெட்டு. காலோட நின்னாலும் எண்பதைத் தாண்டாது."

நம்பவில்லை. செய்தித்தாள்களை ஒட்டி அதே அளவில் வெட்டிக் காட்டச் சொன்னாள். வெட்டினான். பழைய டிவியை இறக்கிவிட்டு ஓட்டைக்குள் நிறுத்தினான். இருபுறமும் ஒரு விரல் இடம்.

"அட, கெட்டிக்காரர்தான்!" என்று முதன்முறையாக மருமகனைப் பாராட்டினாள் மாமியார்.

அன்று மாலையே டிவிப் பெட்டி வந்தது. கீழே நண்பனின் வேன் எஞ்சினை நிறுத்தாமல் காத்திருந்தது. மியோத்ராக் அவளுடைய சூட்கேசைத் துடைத்து வாசலிலேயே வைத்திருந்தான்.

"கிளம்புங்க அத்தை. இருட்டறதுக்குள்ள உங்க வீட்டு அலமாரியில வச்சுக் குடுத்துடறேன்."

ராத்மிலா அதற்குள் பெட்டியின் நாடாவைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள்.

"அங்க எதுக்கு மாப்பிள்ளை? குடிவந்திருக்கிற பையன் டிவியே பாக்கறதில்லையாம்."