யாரிடம் இருக்கிறது?

“தம்பி, எக்செல்ல பார்கோடு எப்படிப் போடுறது?” மலேசியாவின் பெட்டாலிங் ஜெயா நகர அலுவலகத்தில் கணக்குப் பிரிவு அமுதவள்ளி கேட்டார்.

“ஏன்க்கா, ஃபைல் காணாமப் போகுதா?” என்றான் கம்ப்யூட்டர் பிரிவு ஜீவன்.

“எடுத்துட்டுப் போறவங்க திருப்பித் தர்றதே இல்ல. வாய்விட்டுக் கேக்கவும் கூச்சமா இருக்கு.”

“வெட்கமில்லாத ஜென்மங்க! பார்கோடு ஒட்டுங்கக்கா. போன்ல ஸ்கேன் பண்ணா, யார்கிட்ட இருக்குன்னு வந்துரும் லா!”

உற்சாகமாகக் கற்றுக்கொடுத்தான்.

தீபாவளி முடிந்து அலுவலகம் திறந்த அன்று, அமுதவள்ளி அவனுக்கு ஒரு டப்பா நிறைய முறுக்கு கொண்டுவந்தார். டப்பாவின் அடியில் பார்கோடு!

பெருமையோடு ஸ்கேன் செய்தான். திரையில் வந்தது:

“ஜீவன். போன தீபாவளி டப்பா, பொங்கல் டப்பா, நெய்யுருண்டை டப்பா இன்னும் வரவில்லை.”

“திருப்பித் தர்றப்போ வெறும் டப்பாவா தராதீங்க தம்பி,” அமுதவள்ளி சிரித்தார்.